உருளை சுழல்கிறது, ஒலி வரவில்லை: பழைய ஃபோனோகிராஃபில் குறை கண்டுபிடிப்பது எப்படி

உங்கள் கையில் ஒரு பழைய உருளை ஃபோனோகிராஃப், அதாவது தட்டுக்குப் பதிலாக உருளையில் பதிந்த பாட்டைப் பாடும் மெஷின், வந்து சேர்ந்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் ஓடுகிறது, ஆனால் பாட்டு வரவில்லை, வந்தாலும் கேட்கும்படி இல்லை. உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். இந்த மெஷின்களோடு உட்கார்ந்து எழுந்ததில் நான் கற்றது ஒன்றுதான்: மெஷின் ஒரு காலத்தது, அதில் மாட்டிய உருளை வேறொரு காலத்தது, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை என்பதுதான் பெரும்பாலும் குறையே. எடிசன் 1877-ல் தகரத்தாளில் ஆரம்பித்து 1929-ல் கடையை மூடும்வரை பொருள், வேகம், வரிகளின் நெருக்கம், ஊசி எல்லாமே மாறிக்கொண்டே வந்தன. உருளையின் வெளி அளவு மட்டும் (நீளம் சுமார் நாலேகால் அங்குலம், குறுக்களவு இரண்டேகால் அங்குலம்) ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. அதனால் பெரும்பாலும் எந்த உருளையும் எந்த மெஷினிலும் ஏறிவிடும், ஏறிய பிறகுதான் தொல்லை.

ஆகவே முதலில் உருளையைப் பாருங்கள். பார்க்கும்போதும் மேற்பரப்பைத் தொடக்கூடாது, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு லேசாக விரித்துப் பிடிக்க வேண்டும். பழுப்பு நிறத்தில் பழைய சோப்புக்கட்டி மாதிரி இருந்தால் அது 1902-க்கு முந்தைய காலத்து மெழுகு. கறுப்பாக, மெழுகாக, சாய்வான ஓரத்தில் பாட்டின் பெயர் பொறித்திருந்தால் அச்சில் வார்த்த காலத்தது. அதே கறுப்பு மெழுகில் ஓரத்தில் 4 என்ற எண்ணும் எம் என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் 1908-க்குப் பிறகு வந்த நான்கு நிமிட அம்பெரால். நீலமாகப் பளபளத்து உள்ளே வெள்ளைப் பிளாஸ்டர் தெரிந்தால் 1912-ல் வந்த புளூ அம்பெரால், அது செல்லுலாய்டு. இது தெரிந்தபிறகு கீழே உள்ளவற்றில் உங்கள் குறை எது என்று தேடுங்கள்.

குறை: சுழல்கிறது, ஆனால் ஒலியே இல்லை, அல்லது டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி மெலிதாகக் கேட்கிறது

மெஷின் எப்படிப் பேசுகிறது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். உருளையைச் சுற்றி ஒரே வரி, திருகு மரை மாதிரி, அங்குலத்துக்கு 100 சுற்று. அந்த வரியின் அடியில் ஆழம் கூடிக் கூடிக் குறைகிறது, மேடு பள்ளமாக. பின்னால் வந்த தட்டு ரெக்கார்டுகளில் பெரும்பாலானவை போல இது பக்கவாட்டில் நெளிவதில்லை. ஊசி மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, ஊசியைத் தாங்கும் சின்ன நெம்புகோல் ஒரு மெல்லிய இணைப்பு வழியாக வட்டமான ஒரு சவ்வின் நடுவை இழுத்து விடுகிறது, சவ்வு காற்றை அசைக்கிறது, குழல் அதைப் பெரிதாக்குகிறது. மின்சாரம் எங்கும் இல்லை. ஒலி எங்கே தொலைகிறது என்று தேட இந்தச் சங்கிலியில் நாலைந்து இடம்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். குழலையும் ரிப்ரொடியூசரையும் (ஊசியும் சவ்வும் உட்கார்ந்திருக்கும் தலைப்பகுதி) இணைக்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், வெடித்திருந்தால் ஒலி அங்கேயே வெளியே போய்விடும். அப்புறம் ரிப்ரொடியூசரைக் கழற்றி ஒரு பூதக்கண்ணாடியில் ஊசியைப் பாருங்கள். எடிசனின் சி மாடலில் அது ஒரு சின்ன நீலக்கல் குமிழ், ஓரம் உருண்டையாக வழவழவென்று இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தோ சில்லு விட்டோ இருந்தால் அந்த ஊசியை எந்த உருளையிலும் வைக்காதீர்கள், அது ஊசி அல்ல, உளி.

ஊசி நன்றாக இருந்தும் ஒலி மெலிதாக இருந்தால் குற்றவாளி அனேகமாக கேஸ்கெட்தான். என்னிடம் வந்த முதல் எடிசன் ஸ்டாண்டர்டில் இதுதான் நடந்தது, நான் ஒரு வாரம் மோட்டாரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ரிப்ரொடியூசரின் வளையத்தைத் திருகித் திறந்தபோது சவ்வுக்கு மேலும் கீழும் இருக்க வேண்டிய ரப்பர் வளையங்கள் காய்ந்த மிளகு மாதிரி ஆகியிருந்தன, நகத்தால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தன, சில துண்டுகள் கறுப்புக் கண்ணாடித் தூள் போல மேசையில் சிதறின. சவ்வு இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியது போல் இறுகிக் கிடந்தது, எப்படி அசையும்? வளையம் இருந்த இடத்தைச் சுத்தமாகச் சுரண்டி, மெல்லிய மிருதுவான ரப்பர் குழாயை வட்டமாக வெட்டி, இரண்டு முனையும் சரியாகச் சந்திக்கும்படி (மேலேறவும் கூடாது, இடைவெளியும் கூடாது) வைத்து, நடுவில் சவ்வை உட்காரவைத்து, வளையத்தைக் கையால் மட்டும் திருகினேன். இறுக்கியிருந்தால் மறுபடி அதே கதைதான். அன்றைக்கு அந்த அறையில் நிறைந்த பேண்டு வாத்தியச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறக்காமல் அந்த நெம்புகோலுக்கும் சவ்வுக்கும் உள்ள இணைப்பையும் பாருங்கள், அது தளர்ந்திருந்தால் ஒலியோடு ஒரு கரகரப்பும் சேர்ந்து வரும்.

குறை: வரி தாவுகிறது, அல்லது ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது

இது ஏறக்குறைய எப்போதுமே இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்ற குழப்பம். எடிசன் மெஷின்களில் ஊசியை நகர்த்துவது வரி அல்ல, ஒரு திருகுத்தண்டு. மரையின்மேல் உட்காரும் அரை நட் ஒன்று ரிப்ரொடியூசரை வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். 1908 வரை எல்லாம் அங்குலத்துக்கு 100 வரி, இரண்டு நிமிடம் ஓடும். தட்டு ரெக்கார்டுகள் அதைவிட நீளமாகப் பாட ஆரம்பித்ததும் எடிசன் 200 வரியாக நெருக்கி அம்பெராலைக் கொண்டுவந்தார். பழைய மெஷின் வைத்திருந்தவர்களுக்குப் பல்சக்கரம் மாற்றும் இணைப்பையும் விற்றார், அதனால் உங்கள் மெஷினில் இரண்டு நிமிடத்துக்கும் நான்கு நிமிடத்துக்கும் மாற்ற ஒரு குமிழோ நெம்புகோலோ இருக்கலாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். நான்கு நிமிட உருளையை இரண்டு நிமிட அமைப்பில் ஓட்டினால் தண்டு இரண்டு மடங்கு வேகமாக இழுக்கும், ஊசி வரிகளை விட்டுவிட்டு முன்னே தாவும். இரண்டு நிமிட உருளையை நான்கு நிமிட அமைப்பில் ஓட்டினால் தண்டு பின்தங்கும், ஊசி திரும்பத் திரும்ப முந்தைய வரியில் விழும். ஆக, முன்னே தாவினால் ஒரு காரணம், பின்னே விழுந்தால் நேர் எதிர்க் காரணம். இரண்டிலும் உடனே ஊசியைத் தூக்குங்கள், ஒவ்வொரு தாவலும் ஒரு கீறல்.

அமைப்பைச் சரிசெய்தால் போதாது, ஊசியும் மாற வேண்டும். இரண்டு நிமிட வரிக்கான சி மாடல் ஊசி நான்கு நிமிட வரிக்குள் இறங்காது, அகலம் அதிகம். நான்கு நிமிடத்துக்கு எச் மாடல், இரண்டுக்கும் சேர்த்து ஊசியைத் திருப்பி வைக்கும் கே மாடல் என்று தனியாக வந்தன. இதில் ஒன்றை மட்டும் எழுத்தில் எழுதி மெஷின் மூடியில் ஒட்டி வையுங்கள்: வைர ஊசி செல்லுலாய்டு உருளைக்கு மட்டும். புளூ அம்பெரால் வந்தபோது அதோடு வந்த கனமான ரிப்ரொடியூசரை மெழுகு உருளையின்மேல் ஒரே ஒருமுறை வைத்தாலும் பாட்டு தூளாக வெளியே வரும். 1915-க்குப் பிறகு எடிசன் விற்ற அம்பெரோலா 30, 50, 75 மெஷின்கள் எல்லாம் நான்கு நிமிடமும் வைரமும் மட்டும்தான், அவற்றில் கறுப்பு மெழுகையோ பழுப்பு மெழுகையோ மாட்டவே மாட்டாதீர்கள்.

சரி, அமைப்பும் ஊசியும் சரியாக இருந்தும் தாவுகிறதா? அரை நட்டின் மரை தேய்ந்திருக்கும், அல்லது தண்டின் மரையில் கறுப்பு அழுக்கு இறுகியிருக்கும். பழைய பல்துலக்கியும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெயும் போதும். திருகுத்தண்டே இல்லாத மலிவு மெஷின்களும் உண்டு. ஜெர்மனியில் யாழ் வடிவ இரும்பு அடிப்பாகத்தோடு செய்த பக் வகை அப்படித்தான், அதில் வரியே ஊசியையும் குழலையும் இழுத்துப் போக வேண்டும், மேசை சமமாக இல்லாவிட்டால் தாவும். அடியில் அட்டை வைத்துச் சமப்படுத்துங்கள்.

குறை: குரல் கீச்சென்று இருக்கிறது, அல்லது இழுபடுகிறது

1902-க்குப் பிந்தைய எடிசன் உருளை எதுவாக இருந்தாலும் நிமிடத்துக்கு 160 சுற்று. மாண்ட்ரலின், அதாவது உருளை ஏறும் அந்தச் சாய்வான தண்டின், ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, 15 விநாடியில் 40 முறை வருகிறதா என்று எண்ணுங்கள். குறைந்தாலோ கூடினாலோ வேகத் திருகைச் சரிசெய்யலாம்.

பழுப்பு மெழுகுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் 120-லிருந்து 144 வரை ஆளாளுக்கு ஒரு வேகம். 160-ல் ஓட்டினால் நல்ல கட்டைக்குரல்காரர்கூட சின்னப்பிள்ளை மாதிரி பாடுவார், அது மெஷினின் குறை இல்லை. முதலில் பேச்சு இருக்கும் இடத்தைக் கேளுங்கள், பழைய உருளைகளில் ஆரம்பத்தில் பாட்டின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் ஒருவர் அறிவிப்பார். அந்தப் பேச்சு இயல்பாக வரும்வரை வேகத்தைக் குறையுங்கள்.

குறை: ஓடும்போதே வேகம் ஆடுகிறது

ரிப்ரொடியூசரைத் தூக்கிவிட்டு வெறும் மாண்ட்ரலை ஓடவிட்டு எண்ணுங்கள். அப்போதும் ஆடினால் மோட்டார் பக்கம், சுமை ஏறும்போது மட்டும் ஆடினால் பெல்ட்.

பெல்ட் எளிது. தோல் காய்ந்து தளர்ந்திருக்கும், ஒட்டிய இடம் தடித்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டக் கேட்கும். மோட்டார் பக்கமென்றால் கவர்னரைப் பாருங்கள். மூன்று சிறு எடைகள் சுழன்று விரிய, அவற்றோடு நகரும் பித்தளைத் தட்டு ஒரு தோல் அல்லது கம்பளித் துண்டின்மேல் உரசி வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் துண்டு வறண்டிருந்தால் வேகம் ஏறி இறங்கும். ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான் மருந்து.

எண்ணெய்க்கும் அடங்காமல் உள்ளே 'டும்' என்று ஒரு அடி விழுந்து வேகம் துள்ளினால் ஸ்பிரிங் டப்பாவில் கிரீஸ் இறுகிவிட்டது என்று பொருள், ஒட்டிக்கிடந்த சுருள்கள் ஒரேயடியாக விடுபடும் சத்தம் அது. இதை முதல்முறை செய்கிறவர் தனியாகத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாவியை முழுக்க இறக்கிய பிறகும் டப்பாவுக்குள் ஸ்பிரிங் விறைத்துக்கொண்டுதான் இருக்கும், விரலை அறுத்துவிடும். தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஸ்பிரிங்குக்கு மரியாதை கொடுக்க வேண்டும். எடிசனின் 1888 மாடல் பேட்டரி மோட்டாரில் ஓடியது, அமில பேட்டரியை வீட்டில் யார் கட்டி மாரடிப்பது? அலுவலகத்தில் கடிதம் சொல்ல என்று விற்கப் பார்த்தார்கள், ஓடவில்லை. 1889 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் லூயிஸ் கிளாஸ் என்பவர் ஒரு மதுக்கடையில் காசு போட்டால் பாடும் பெட்டியாக அதை வைத்தபோதுதான் மக்களுக்கு வேண்டியது பாட்டு என்று புரிந்தது. ஆனாலும் வீட்டுக்குள் வர மலிவான ஸ்பிரிங் மோட்டார் வர வேண்டியிருந்தது: 1896-ல் எடிசன் ஹோம், 1898-ல் 20 டாலருக்கு ஸ்டாண்டர்ட், 1899-ல் ஏழரை டாலருக்கு ஜெம்.

குறை: உருளை மாண்ட்ரலில் சரியாக ஏறவில்லை

பெயர் பொறித்த ஓரம் உங்கள் வலப்பக்கம், கடைசியாக உள்ளே போக வேண்டும். மாண்ட்ரல் சாய்வானது, லேசாகத் தள்ளினால் தானே பிடித்துக்கொள்ளும். அழுத்தித் தள்ளினால் வெடிக்கும்.

புளூ அம்பெரால் பாதியில் நின்றால் ஈரத்தில் பிளாஸ்டர் ஊதியிருக்கும். உட்புறத்தை மெல்லிய மணல்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, தூளை ஊதி, மறுபடி போட்டுப் பாருங்கள். உருளை மிகப் பெரிதாக, ஐந்து அங்குலக் குறுக்களவில் இருந்தால் அது கான்சர்ட் வகை, அதற்குத் தனி மெஷின். குறுக்களவு சரியாக இருந்து ஆறு அங்குல நீளமாக இருந்தால் பெரும்பாலும் அலுவலகக் கடிதம் சொல்லிப் பதிந்த உருளை, அதில் பாட்டை எதிர்பார்க்காதீர்கள்.

குறை: எல்லாம் சரி, ஆனால் ஒலி குடத்துக்குள்ளிருந்து வருகிறது

உங்கள் புளூ அம்பெரால் 1915-க்குப் பிறகு வந்ததா என்று பாருங்கள். 1914 டிசம்பரில் வெஸ்ட் ஆரஞ்ச் தொழிற்சாலையில் பெரிய தீ. அதன்பிறகு எடிசன் உருளைக்கென்று தனியாகப் பாடவைப்பதை விட்டுவிட்டு, தட்டு ரெக்கார்டை ஓடவிட்டு அதன் குழலிலிருந்து உருளைக்குப் பதிவு செய்தார். நீங்கள் கேட்பது நகலின் ஒலி. எதையும் கழற்றாதீர்கள். அதே பாட்டின் தட்டு கிடைத்தால் அதைக் கேளுங்கள். 1912 முதல் 1914 வரை நேரடியாகப் பதிந்த நீல உருளைகள்தான் என் காதுக்கு இந்த வகையிலேயே மிக நல்லவை.

குறை: வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, ஓட்டினால் கரகரவென்று இரைச்சல்

பூசணம். மெழுகு என்று சொன்னாலும் இது உண்மையில் ஒருவகை உலோகச் சோப்பு, கொழுப்பு அமிலம் சேர்ந்தது, பூசணத்துக்கு அது சாப்பாடு. அது தின்ற இடம் தின்றதுதான், துடைத்தால் திரும்பாது. மிக மிருதுவான உலர்ந்த தூரிகையால் வரியின் போக்கிலேயே தட்டுங்கள். தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். நீல உருளையை மட்டும் லேசாக ஈரமான துணியால் துடைக்கலாம், பிளாஸ்டரில் ஈரம் படாமல். நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், செல்லுலாய்டு கப்பென்று பற்றும்.

குறை: கையில் எடுத்ததும் 'டிக்' என்று விரிசல்

அம்பெரால் மெழுகுக்கு இது வழக்கம். குளிர்ந்த உருளைக்குள் சூடான விரல்கள் போனாலே போதும். பெட்டியைத் திறந்து அறைச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் விடுங்கள். விரிசல் விட்டதை ஓட்டாதீர்கள், ஊசியும் போகும். இந்த உடைச்சல்தான் எடிசனைக் கடைசியில் செல்லுலாய்டுக்குத் தள்ளியது. சிகாகோவில் லாம்பர்ட் கம்பெனி 1900-லேயே செல்லுலாய்டு உருளை செய்துவிட்டது, எடிசன் வந்து சேர 12 வருடம் ஆனது.

குறை எதுவும் தெரியவில்லை, ஆனால் உருளை பழுப்பு, பெயர் இல்லை

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஓட்டாதீர்கள். ஒருமுறைகூட வேண்டாம்.

தகரத்தாளில் 1877-ல் எடிசனின் ஆள் ஜான் குரூசி செய்துகொடுத்த முதல் மெஷின் பேசியது என்னவோ உண்மை, ஆனால் அந்தத் தாளை ஒருமுறை கழற்றினால் மறுபடி பொருத்த முடியாது, சில தடவை ஓட்டினாலே அழிந்துவிடும். எடிசன் அதை விட்டுவிட்டு மின்விளக்குக்குப் போய்விட்டார். வாஷிங்டனில் கிரஹாம் பெல்லின் வோல்டா ஆய்வகத்தில் சிச்செஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்டரும் மெழுகில் வரி வெட்டலாம் என்று கண்டு 1886-ல் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அவர் திரும்பி வந்து கெட்டியான மெழுகு உருளையைச் செய்தார். கெட்டி என்பதால் மேல்பரப்பைச் சீவிவிட்டு மறுபடி பதியலாம், யார் வேண்டுமானாலும் வீட்டில் பதியலாம். 1902-ல் மூல உருளைமேல் வெற்றிடத்தில் தங்க ஆவியைப் படியவைத்து அச்சு எடுக்கும் முறை வரும்வரை கடைக்குப் போன பாட்டுகளே, பல குழல் வைத்து ஒரு தடவைக்குச் சில உருளைகளாகப் பாடகர் மறுபடி மறுபடி பாடியோ, ஒரு உருளையிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தோதான் வந்தன. ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் ஒரே பாட்டை ஆயிரக்கணக்கான முறை பாடினார். அப்படியென்றால் உங்கள் கையில் உள்ள பழுப்பு உருளை பெரும்பாலும் வெகு சிலவற்றில் ஒன்று, வீட்டில் பதிந்தது என்றால் ஒன்றே ஒன்று.

1890 மார்ச்சில் மெய்ன் மாநிலத்தின் காலஸ் ஊரில் மானுடவியலாளர் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் பாசமக்வாடி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் பாட்டையும் பேச்சையும் பதிந்தது இப்படிப்பட்ட மெழுகில்தான். இலங்கையில் வேடர் பாட்டுகளை மானுடவியலாளர் செலிக்மன் 1908 வாக்கில் பதிந்து கொண்டுபோனதும் மெழுகு உருளைகளில்தான். கனமான ஊசி ஒவ்வொரு முறையும் அந்தக் குரலில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுக்கும். இன்றைக்குத் தொடாமலே படிக்க வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி ஆய்வகத்தின் கார்ல் ஹேபரும் அவரோடு வேலை செய்தவர்களும் வரியை ஒளியால் படமெடுத்துக் கணினியில் ஒலியாக்கும் முறையைச் செய்தார்கள். பிரான்சில் ஹென்றி ஷாமூ செய்த ஆர்க்கியோஃபோன் மிக லேசான முனையோடு, மின்சார மோட்டாரில் ஓட்டிப் பதிவெடுக்கும்.

அதுவரை உருளையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, வெயில் படாத, ஈரமில்லாத, வெப்பம் ஏறி இறங்காத அலமாரியில் வையுங்கள், பரண்மேல் வேண்டாம். பழைய பெட்டியின் உள்துணியில் பூசண வாடை வந்தால் வேறு பெட்டிக்கு மாற்றுங்கள், பழையதைத் தூக்கிப் போடாமல் தனியாக வையுங்கள், மூடியில் பென்சிலால் யாராவது ஏதாவது கிறுக்கியிருக்கலாம். அப்புறம் யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த ஊர், எந்த மெஷினோடு சேர்ந்து கிடைத்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்கு வெளியே கட்டி வையுங்கள்.